வாயில்லாப் பிராணிகளின் வைத்தியமும் நம் சங்கங்களும்

பஸ் எட்டாத குக்கிராமங்களிலும் மலையூர்களிலும் நாய் வளர்ப்பது பொழுதுபோக்குக்காக அன்று. நிலக்கடலைக் காட்டைப் பன்றியிடமிருந்து காப்பது நாய். ஆட்டுப்பட்டிக்கு இரவெல்லாம் காவல் இருப்பது நாய். நெசவாளர் இல்லத்தில் நூற்கட்டுகளை எலி நாசம் செய்யாமல் காப்பது பூனை. இவ்வளவு உழைப்பைப் பெற்றுக்கொள்ளும் நாம், அவற்றிற்கு நோய் கண்டால் என்ன செய்கிறோம்? பசு தீனி எடுக்கவில்லையென்றால் கால்நடை மருந்தகத்திற்கு ஓடுகிறோம். நாய் சுருண்டு படுத்தாலோ, பிழைத்தால் பிழைக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். இது இரக்கக் குறைவு மட்டுமன்று. நமக்கே ஆபத்தானதும் ஆகும்.

வெறிநோயினால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் மாள்வதாக நிபுணர்கள் மதிப்பிட்டிருக்கின்றனர். இவர்களுள் பெரும்பாலோர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள எளிய கிராமவாசிகள். நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயது நிரம்பாத சிறுவர்கள். மனிதருக்கு இந்நோய் வருவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாய்க்கடியினாலேயே. குறிகள் தோன்றிய பின்னர்ப் பிழைப்பது மிக மிக அரிது.

1885-ஆம் ஆண்டில் பாஸ்டர் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி இதற்குத் தடுப்பு மருந்து கண்டார். நம் குன்னூரில் அவர் பெயரால் 1907-இல் ஒரு நிலையம் ஏற்பட்டது. ஆக, மனிதருக்கு ஊசி போடும் பணி நம் நாட்டில் நூறாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது. ஆயினும் நோயின் வேர் நாயிடத்தில் இருக்கிறது. ஒரு பிரதேசத்திலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கேனும் ஆண்டு தவறாமல் தடுப்பூசி போட்டு வந்தால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் முடிபு.

இது ஆகக்கூடிய காரியமே என்பதற்குக் கோவா சான்று. அங்கே 2013 முதல் மிஷன் ரேபீஸ் என்னும் சேவை ஸ்தாபனத்தாரும் தொண்டர்களான கால்நடை வைத்தியர்களும், ராஜ்ய சர்க்காரின் துணையோடு தெருத்தெருவாகச் சென்று நாய்களுக்கு ஊசி போட்டனர். பள்ளிகளில் பிள்ளைகளுக்கும் போதித்தனர். 2021-இல் அது வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட ராஜ்யமாக அறிவிக்கப்பெற்றது.

நம் நாட்டிலும் தொண்டு மனப்பான்மை கொண்ட வைத்தியர்களுக்கும் மாணவர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் முகாம் என்று ஒரு நாள் வருகிறார்கள். செய்தி முதல்நாள் இரவுதான் ஊருக்குத் தெரிகிறது. வைத்தியர் வரும் வேளையில் ஜனங்கள் காட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். பத்து நாய்களுக்கு ஊசி போட்டுவிட்டு வண்டி திரும்புகிறது. மறு ஆண்டு அது வருவதும் நிச்சயமில்லை. குறை தொண்டரிடத்தில் இல்லை; அவரை வரவேற்று வேலை வாங்கும் உள்ளூர் ஏற்பாடு இல்லாமையே குறை. அந்த ஏற்பாட்டைச் செய்யக்கூடிய ஸ்தாபனம் கூட்டுறவுச் சங்கமே. கொல்லிமலை, கல்வராயன்மலை போன்ற இடங்களிலும் மலைவாழ் மக்களின் பெரும்பல நோக்குச் சங்கங்கள் இருக்கின்றன.

சங்கங்கள் செய்யவேண்டியவை நான்கு. முதலாவது, எந்த வீட்டில் எத்தனை நாய், பூனை, அவற்றின் வயது என்ன, கடைசியாக ஊசி போட்டது எப்போது என்று ஒரு பதிவேடு வைத்தல். இரண்டாவது, முகாமின் நாளையும் வேளையையும் ஒரு மாதம் முன்னரே கால்நடை மருந்தகத்தோடு கலந்து நிர்ணயித்து, நோட்டீஸ் பலகையிலும் தண்டோராவிலும் அறிவித்தல். மூன்றாவது, மருந்தை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிர்ச்சியில் வைக்கப் பனிக்கட்டிப் பெட்டியும், வைத்தியர்களுக்கு உணவும் தங்க இடமும் தருதல். நான்காவது, அடுத்த ஆண்டும் அதே மாதத்தில் அழைத்தல். ஊசி போடுவது வைத்தியரின் வேலை; அதில் அங்கத்தினர் எவரும் கை வைக்கலாகாது. அதே முகாமில் குடற்புழு மருந்தும் கொடுக்கலாம். குட்டிகள் பெருகாதிருக்கக் கருத்தடைச் சிகிச்சை எங்கே, எப்போது என்பதையும் கேட்டு வைக்கலாம்.

"கடன் பாக்கி வசூலாகாமல் கிடக்கிறது, நாய்க்குச் செலவா?" என்று சிலர் கேட்கக்கூடும். கணக்குப் பார்ப்போம். வெறிநாய் கடித்த கறவை மாடும் மாண்டுபோகும். மாட்டுக்கடன் மட்டும் ஏட்டில் நிற்கும். கடிபட்ட மனிதர் இப்போதைய முறைப்படி முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என நான்கு முறை ஊசிக்குச் செல்லவேண்டும். மலையிலிருந்து இறங்கி ஏறுவோருக்கு நான்கு நாள் கூலி போகும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். தறி நின்றால் அந்த நஷ்டத்தை ஈடு செய்வார் யார்? இவ்வளவையும் தடுக்கவல்ல முகாமுக்குச் சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து, துணைவிதிகளுக்கு உட்பட்டு, ஒரு சிறு தொகை ஒதுக்குவது வீண்செலவு ஆகாது. சமுதாயத்தின்பால் அக்கறை என்பதைக் கூட்டுறவின் ஏழாவது கோட்பாடாக 1995-இல் உலகக் கூட்டுறவாளர் ஏற்றுக்கொண்டதும் இத்தகைய காரியங்களுக்காகவே.

இன்னொன்றும் அங்கத்தினர் மனத்தில் பதிய வேண்டும். நாய் கடித்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டுதல் கூடாது. சோப்புப் போட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிஷம் புண்ணைக் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குப் போகவேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயம் இனி வேண்டாம். இப்போது கையில்தான் போடுகிறார்கள், கட்டணமும் இல்லை.

பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28-ஆம் தேதி உலக வெறிநோய் தினமாக அனுஷ்டிக்கப்படுகிறது. நிர்வாகக் குழுவினர் அதற்கு முன் கூடும் கூட்டத்திலேயே இதுபற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றட்டும். காரியதரிசி மறுநாளே கால்நடை மருந்தகத்திற்குக் கடிதம் எழுதட்டும். தொண்டு செய்ய வருவோர் வரட்டும். அவர்கள் வரும்போது நம் பதிவேடு ஆயத்தமாக இருக்கவேண்டும்.