வெட்டிக்கு இன்னொரு பேரு சேவை

நர்சுகள் ஏன் வேலையை விட்டு ஓடுகிறார்கள் என்று ஆஸ்பத்திரி முதலாளிகளுக்கு ஒரே கவலை. கருத்தரங்கம் நடத்துகிறார்கள். வேலைப்பளுவாம், மன அழுத்தமாம், வெளிநாட்டுச் சம்பள ஆசையாம். போக முடியாமல் கிடக்கிறவள் யாரு என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை.

போறதுக்கும் காசு வேணும். இங்கிலாந்து போக இங்கிலீஷ் பரீட்சை எழுதணும், வளைகுடா போக ஏஜெண்டுக்கு அழணும். அதுவரைக்கும் வீட்டில் அடுப்பெரிய வேற ஆள் சம்பாதிக்கணும். நிலமும் நகையும் உள்ள வீட்டுக்கு இது ஆகும். கடன் வாங்கிப் படித்த சேரிப் பெண்ணுக்கு? என் சித்தி மகளின் அசல் சான்றிதழ்களை வேலைக்குச் சேர்ந்த அன்றே வாங்கிப் பீரோவில் பூட்டினது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. இடையில் நின்றால் பணம் கட்டித்தான் மீட்கணும். பண்ணையாள் முறை ஒழிந்துபோச்சு என்று எவன் சொன்னான்?

ரத்தம், சீழ், மலம், பிரசவத் தீட்டு என்று சாதி ஒதுக்கிவைத்த அத்தனையும் வந்து சேரும் இடம் வார்டு. வேலூரில் 1909இல் மிஷனரிகள் நர்ஸ் பள்ளி திறந்தார்கள். அந்தக் காலத்தில் சாதி இந்து வீடுகள் இந்த வேலைக்குப் பெண்ணை அனுப்பக் கூசின. பெரும்பாலும் கிறிஸ்தவப் பெண்கள்தான் வந்தார்கள். இன்றைக்கு விசா கிடைக்கிறது, எல்லாச் சாதியும் வருகிறது. வரட்டும். வேலையின் மேல் ஒட்டின தீட்டு போகலையே! அந்தத் தீட்டுக்குப் பூசின சந்தனம்தான் 'சேவை'. கூலியில்லாமல் வாங்கும் வேலையைச் சோழர் கல்வெட்டு 'வெட்டி' என்று ஒளிக்காமல் சொல்லும். அவர்களுக்கு இருந்த நேர்மைகூட இவர்களுக்கு இல்லை.

அரசாங்கம் மட்டும் யோக்கியமா? 2015இல் பரீட்சை வைத்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளை எடுத்தது. மாசம் 7,700 ரூபாய். ரெண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றது. பக்கத்துக் கட்டிலைப் பார்க்கும் நிரந்தர நர்சுக்கு அதைப்போல் பல மடங்கு. 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் கைக்குழந்தைகளோடு வந்து உட்கார்ந்தார்கள். வேலைநிறுத்தத்துக்கு உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2020 மே மாதம் ஹெலிகாப்டரில் வந்து ஆஸ்பத்திரிகள் மேல் பூத் தூவினார்கள். கொரோனாவுக்கென்று எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்த நர்சுகளை 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

இதற்கெல்லாம் மருந்து தெரியாமலில்லை. 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்கும் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்சுக்கு மாசம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது. கேரளத்து நர்சுகள் தெருவில் இறங்கி 2018இல் அந்தத் தொகையை அரசாணையாகவே வாங்கினார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம், வருஷா வருஷம் மே 12ஆம் தேதி, நர்சுகள் கையில் ஒரு ரோஜாப்பூவும் மெழுகுவத்தியும் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.