தவற்றைக் காட்டும் துகள்

ஊசி போட்டாயிற்று, மருந்து சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்ததா? இக்கேள்விக்கு விடை தர வல்லது, கண்ணுக்குப் புலப்படாத இரும்பு ஆக்சைடுத் துகள். மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே அதன் அளவு! டெக்ஸ்ட்ரான் என்னும் சர்க்கரை வகைப் பொருளால் மேலுறை இடுவதால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதில்லை. உயிரணுக்களுக்குள் ஏற்றிவிட்டால், காந்த அதிர்வுப் படத்தில் அவை இருக்குமிடம் கருமையாய்த் தெரியும்.

நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட முடிவைப் பாருங்கள். மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் கண்ட எண்மருக்கு, அவரவர் உடலிலிருந்தே பெற்ற நோயெதிர்ப்பு உயிரணுக்களில் இத்துகளை ஏற்றி, நிணநீர்க் கணுவுக்குள் ஊசியால் செலுத்தினர். ஒலியலைப் படத்தின் துணையிருந்தும் நால்வருக்குக் குறி தவறியிருந்தது! துகள் இல்லையேல், "சிகிச்சை பலிக்கவில்லை" என்றல்லவா பழி கூறியிருப்போம்?

ஆனால் ஓர் எச்சரிக்கை: உயிரணு இறந்த பின்னும் இரும்பு அங்கே தங்கிக் கருமை காட்டக்கூடும். ஆதலால் படம் ஒன்றையே நம்பி முடிவு கூறுதல் தகாது.

தோழியரே, பிறர் நோயைக் காட்டும் கருவியினும் நம் தவற்றை நமக்கே காட்டும் கருவி மேலானது என்பேன். நாம் இரவுதோறும் செய்யும் ஆத்தும சோதனையும் அத்தகையதன்றோ!