புதுவீடும் ஐந்தாண்டுப் பொறுப்பும்

எதையும் சோதித்துப் பெறும் வழக்கம் நம் அங்கத்தினர்களுக்குப் புதியதன்று. நூல் சிட்டம் வந்தால் எடை பார்க்காமல் இருப்பில் ஏற்றுவதில்லை. விதையை முளைப்புத் திறன் அறியாமல் நிலத்தில் இடுவதில்லை. சங்கக் கணக்கோ ஆண்டுதோறும் தணிக்கைக்கு உள்ளாகிறது. ஆனால் பதினைந்து, இருபது ஆண்டுகள் தவணை கட்டவேண்டிய வீட்டை மட்டும், சாவி வாங்கிய நாளில் ஒருமுறை சுற்றிப் பார்த்ததோடு விட்டுவிடுகிறோம். இவ்வழக்கம் மாறவேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 14-ஆம் பிரிவில் ஒரு நற்பாதுகாப்பை அளித்திருக்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானத்திலோ, வேலைப்பாட்டிலோ, தரத்திலோ குறை காணப்பட்டுத் தெரிவிக்கப்பட்டால், கட்டி விற்றவர் அதனை 30 நாட்களுக்குள் தம் செலவிலேயே சீர்செய்தல் வேண்டும். தவறினால் வாங்கியவர் தகுந்த நஷ்டஈடு பெறலாம். காலக்கணக்கு பத்திரப்பதிவு நாளிலிருந்து அன்று, ஒப்படைப்பு நாளிலிருந்தே தொடங்குகிறது. ஆகவே ஒப்படைப்புக் கடிதத்தைப் பத்திரத்துடன் பேணுக.

இப்பாதுகாப்பு தானாக வந்து கதவைத் தட்டாது. குறையைக் கண்டு தெரிவிப்பது நம் கடமை. குறைகளோ உடனே வெளிப்படுவதில்லை. கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்குவதை விவசாயிகள் நன்கறிவர். அத்தகைய மண்ணில் அஸ்திவாரத்தின் பலம் சில பருவங்கள் கடந்த பின்னரே தெரியும். எனவே நான்காம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தவுடன், தகுதி பெற்ற பொறியாளர் ஒருவரைக் கொண்டு வீட்டைப் பரிசோதிப்பது உத்தமம்.

பூச்சில் காணும் மயிரிழைக் கீறல்கள் பெரும்பாலும் அஞ்சத்தக்கவை அல்ல. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, நாளடைவில் அகலும் வெடிப்பு கவனத்திற்குரியது. கூரையில் துருக்கறை படிதல், காரை பெயர்ந்து கம்பி தெரிதல், மொட்டை மாடியில் நீர் தேங்குதல், குளியலறையின் மறுபுறச் சுவரில் ஓதம் ஏறுதல், தரையோட்டைத் தட்டினால் வெற்றொலி எழுதல் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். மின்சார எர்த் இணைப்பைச் சோதிக்கவும் மறத்தலாகாது. நாமே சுவரை இடித்து மாற்றியதால் வந்த சேதத்தைப் பட்டியலில் சேர்ப்பது நேர்மையாகாது. உண்மையான குறைகளின் வலுவையும் அது குறைத்துவிடும்.

வாய்மொழியாகச் சொல்வது போதாது. பொறியாளரின் அறிக்கை, தேதியிட்ட புகைப்படங்கள் ஆகியவற்றுடன் கடிதம் எழுதி, ஒப்புகை பெறும் வகையில் அனுப்புதல் அவசியம். “பார்த்துக்கொள்ளலாம்” என்ற இனிய சொல்லை நம்பியே ஐந்தாண்டையும் கழித்துவிடுவோர் பலர்.

சொந்த மனையில் மேஸ்திரியையோ ஒப்பந்தக்காரரையோ கொண்டு கட்டுவோருக்கு இவ்விதி துணைவராது; ஒப்பந்தத்தில் எழுதியதே அவர்களுக்கு அரண். தறிக்குழியில் நீர் கசிந்தால் வேலையே நின்றுவிடும். ஆகவே குறை தீர்க்கும் பொறுப்புக் காலத்தை எழுத்தில் பெற்று, கூலியில் ஒரு பகுதியை ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்திவைக்க முன்கூட்டியே உடன்பாடு செய்துகொள்க.

பொறியாளருக்குக் கொடுக்கும் பணம் வீண்செலவு என்பாரும் உளர். இங்கேதான் கூட்டுறவு பயன்படுகிறது. ஒரே குடியிருப்பில் வீடு வாங்கிய அங்கத்தினர்கள் ஒன்றுகூடி ஒரு பொறியாளரை அமர்த்தினால் செலவு பங்காகிறது. ஒருவர் கடிதத்தை ஒதுக்குவோரும் இருபதுபேர் கையொப்பத்தை எளிதில் ஒதுக்கார். ஒவ்வொரு சங்கமும் அங்கத்தினர்களின் ஒப்படைப்புத் தேதிகளை ஒரு பதிவேட்டில் குறித்து, நான்காண்டு நிறைவில் அவர்களுக்கு நினைவூட்டுமாக. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதற்கான தீர்மானம் நிறைவேற வேண்டுமென வேண்டுகிறோம்.