மரத்துப்போன தேகமென்னும் பொய்

மழையிலும் பனியிலும் மலையேறிக் கொழுந்தெடுத்து, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமந்து பழகிய தேகத்துக்கு வலி அவ்வளவாகத் தெரியாதென்றும், ஆகையால் லயத்துப் பெண்ணொருத்தி தாடை நோகிறதென்று வந்து நின்றால் அது வேலைக்குப் போகாதிருக்கும் சாக்கு, இல்லையேல் சொத்தைப் பல் என்றும் ஓர் அபிப்பிராயம் பசறை, ஹாலிஎல, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களில் வேரூன்றிக் கிடக்கிறது. அத்தொழிலாளரின் வயிற்றிலே பிறந்து பதுளை நகரில் உத்தியோகம் பார்ப்போரும் இதை நம்புவதே பெரிய வேதனை. இது பொய், இதன் பெயரால் நடப்பது அநியாயம்.

கன்னத்து மெல்லும் தசை நோவுறும்போது அந்நோவு கடைவாய்ப் பல்லில் உறைப்பதுண்டு. இதையறியாமல் பல் பிடுங்கக் குறடெடுத்தால் பழுதற்ற பல் போகும், வலி போகாது.

வலியை அளப்பதெப்படி என்பார்கள். ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள இறப்பர் முனையைத் தசையின்மேல் நேராக வைத்துச் சீரான வேகத்தில் அழுத்தத்தை ஏற்றி, வெறும் அழுத்தமாயிருந்தது வலியாக மாறும் கணத்தில் நோயாளியே சைகை செய்ய, அப்போதைய எண்ணைக் குறித்துக்கொள்ளும் கருவி உண்டு. அவசரப்பட்டு அழுத்தினால் அவள் வாய்திறக்குமுன் எண் பொய்யாக உயர்ந்துவிடும். பல்லைக் கடித்திருந்தாலும், இடம் விரலகலம் தப்பினாலும் அளவு மாறும். ஆதலால் தாடையைத் தளர்த்தி, இடத்தைக் குறியிட்டு, இடைவிட்டுப் பலமுறை அளந்து சராசரி காண்பதே முறை. கருவி இல்லாவிடினும் பாதகமில்லை. தாடை நோவுக்கென 2014இல் வெளியான சர்வதேசப் பரிசோதனை விதிகள் விரலையே ஏற்கின்றன. ஆனால் அவ்விரல் தசைமீது 1 கிலோகிராம் பாரத்தை 2 விநாடியாவது ஊன்ற வேண்டும்.

மடுவத்தில் கொழுந்தைத் தராசிலிட்டு, ஈரத்துக்கென்று கழித்தும் எழுதுகிற தோட்டம், கொழுந்தெடுத்தவளின் நோவை மட்டும் ஒருவரது கட்டைவிரலின் அன்றைய மனப்போக்குக்கு விட்டுவிடுகிறது. இன்று இரண்டு கிலோ, நாளை அரைக் கிலோவென்று அழுத்திவிட்டு, பதில் மாறுகிறதென்று அவளைப் பொய்க்காரியாக்குவது எந்த நியாயம்?

கருவி காட்டும் எண் உயர்ந்திருப்பதாலும் வேதனை இல்லையென்றாகாது. துரைமார் முன் முனகாமல் நிற்கப் பழக்கப்பட்டவள், வலி தொடங்கிய இடத்தில் சொல்லாமல் பொறுக்கமுடியாத இடம்வரை பொறுத்திருப்பாள். அந்த மௌனத்தையே நாம் மரத்துப்போன தேகமென்று பெயரிட்டுவிட்டோம். "பொறுத்துக்கிட்டு இருக்க வேணாம், வலிக்கத் தொடங்கினதும் சொல்லுங்கம்மா" என்று முதலில் சொல்லாத பரீட்சை பரீட்சையே அன்று.

ஊவாவின் தோட்ட வைத்திய உத்தியோகத்தர்களே, ஒரு சிறு தராசின்மேல் விரலை ஊன்றி, ஒரு கிலோ எவ்வளவென்று அவ்விரலுக்குப் பழக்குங்கள்; அதன் பிறகு அவள் கன்னத்தைத் தொடுங்கள்.