ஒருதரம்! இரண்டுதரம்! மூன்றுதரம்!

ஊர்ப் பொதுக்குளத்து மீனை ஏலம் விடுவார்கள். சாலையோரப் புளியமரத்தின் காய்ப்பை ஏலம் விடுவார்கள். கடன் கட்டத் தவறிய உழவனின் வண்டிமாட்டையும் ஏலம் விட்ட நாடு இது. மீனை எடுத்தவன் விற்பான்; புளியை எடுத்தவன் உலுக்குவான்; மாட்டை எடுத்தவன் ஏரில் பூட்டுவான். பொருளுக்குப் பயன் உண்டு, பயனுக்கேற்ற விலை உண்டு. ஆனால், மனிதனின் பலவீனம் பெற்றெடுத்த பிள்ளையே கடவுள் என்று எழுதிய ஒரு கடிதத்தை, கடவுளின் திருமேனியைப் போலக் காட்சிக்கு வைத்து, ஒருதரம் இரண்டுதரம் என்று கூவி விற்றிருக்கிறார்கள். விற்ற இடம் நியூயார்க். விற்ற நிறுவனம் கிறிஸ்டீஸ். ஆண்டு 2018, திசம்பர்த் திங்கள். விலை 28,92,500 டாலர்!

எழுதியவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். 1954 சனவரி 3ஆம் நாள், தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளில், பிரின்ஸ்டனில் இருந்து எரிக் குட்கைண்ட் என்ற மெய்யியலாளருக்குச் செருமன் மொழியில் எழுதிய கடிதம் அது. விவிலியத்தைப் பழங்கதைகளின் தொகுப்பு என்கிறார். தாம் பிறந்த யூத சமயத்தையும் விட்டுவைக்காமல், அதுவும் ஏனைய சமயங்களைப் போலவே மூடநம்பிக்கையின் வடிவந்தான் என்கிறார். ஐன்ஸ்டைனை முழு நாத்திகராக்கி நாம் தோளில் தூக்கிக்கொண்டு ஆட வேண்டியதில்லை; அவர் தம்மை அவ்வாறு அழைத்துக்கொண்டவரும் அல்லர். ஆயினும் புரோகிதன் காட்டும் கடவுளுக்கு அந்த அறிஞரின் உள்ளத்தில் இடமில்லை என்பதற்கு அந்தத் தாள் சான்று.

அதே தாள் 2008இல் இலண்டனில் ஏலத்திற்கு வந்தபோது 1,70,000 பவுனுக்குப் போயிற்று. பகுத்தறிவாளர் ரிச்சர்டு டாக்கின்சும் அன்று விலை கேட்டார், எட்டவில்லை. பத்தாண்டு கழித்து மறுபடியும் ஏலம். கடிதத்தில் ஒரு சொல் கூடவில்லை, ஒரு கருத்துப் புதிதாக முளைக்கவில்லை. அதன் வாசகம் அதற்குள் ஏடுகளில் அச்சாகி, மொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டு, படிக்க விரும்பியவர் கைக்கெல்லாம் வந்துவிட்டது. அப்படியானால் இருபத்தெட்டு இலட்சத்துச் சொச்சம் டாலர் கொடுத்தவர் வாங்கியது எதை? கருத்தையா? அது காற்றைப்போல் இலவசம். அவர் வாங்கியது மையை! மை உலர்ந்த தாளை! அந்தத் தாளின்மேல் பட்ட கையை!

பல் ஒன்றைப் பேழையில் வைத்துக் கோயில் கட்டினால் நாம் நகைக்கிறோம். பாறையில் ஒரு பள்ளத்தைக் காட்டி, ஆண்டவன் அடிவைத்த இடம் என்று கற்பூரம் கொளுத்தினால், கேள்வி கேட்கிறோம். பட்டவன் தொட்டவன் பெயரால் பண்டத்திற்குப் பெருமை ஏறுமா என்று மேடையேறி முழங்குகிறோம். அதே மாயம், பட்டுச்சட்டை கழற்றிக் கோட்டு மாட்டிக்கொண்டு, தீபத்தட்டுக்குப் பதில் சுத்தியல் ஏந்தி நின்றால் மட்டும் அறிவுடைமை ஆகிவிடுமா?

இந்த வணிகத்தில் 'வெட்டுக் கையொப்பம்' என்றே ஒரு சரக்கு உண்டு. கையொப்பம் தேடிச் சேர்ப்போர், கடிதத்தின் அடியில் உள்ள பெயரை மட்டும் கத்தரித்து எடுத்து ஒட்டி வைத்துக்கொண்டு, எழுதப்பட்ட செய்தியைக் கழித்துக்கட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது நாகரிகமான பொழுதுபோக்கு! என்ன சொன்னான் என்பது குப்பைக்கு; யார் சொன்னான் என்பது பேழைக்கு. வைதீகத்தின் இலக்கணம் இதைத் தவிர வேறென்ன?

ஐன்ஸ்டைன் என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். சார்புக் கொள்கையை உலகுக்குச் சொன்ன 1905ஆம் ஆண்டுக் கட்டுரையின் கையெழுத்துப் படி அச்சானபின் அவரிடம் இல்லை. அதைப் பாதுகாக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. போர்க்காலத்தில் நிதிக்காக அந்தக் கையெழுத்துப் படியை நாடியபோது, அச்சான கட்டுரையைச் செயலாளர் படிக்கப் படிக்க, தம் கையால் மீண்டும் எழுதிக் கொடுத்தார்! 1944இல் கான்சாஸ் நகரில் அதற்கு 65 இலட்சம் டாலர் அளவுக்குப் போர்க்கடன் பத்திரங்கள் வாங்கப்பட்டன. தாளோ அமெரிக்கக் காங்கிரசு நூலகத்திற்குப் போய்ச் சேர்ந்தது. பணம் பொதுவுக்கு, தாளும் பொதுவுக்கு. போர்க்கடன் நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு. எவருடைய இரும்புப் பெட்டியும் அதனால் நிறையவில்லை என்பதே நாம் காண வேண்டியது.

அவரே 1922இல் டோக்கியோ விடுதியில், செய்தி கொண்டுவந்த பணியாளுக்குக் கொடுக்கும் அன்பளிப்புக் காசுக்குப் பதிலாக ஒரு துண்டுத்தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். வெற்றியைத் துரத்தி ஓயாமல் அலைவதைக் காட்டிலும் அமைதியான எளிய வாழ்வே மகிழ்ச்சி தரும் என்பது அதன் கருத்து. 2017இல் எருசலேமில் 15,60,000 டாலர் கொடுத்து அந்த எளிமையை ஒருவர் வாங்கினார்!

"போகட்டுமே, பணம் உள்ளவன் வாங்குகிறான், உமக்கென்ன வயிற்றெரிச்சல்?" என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். எரிச்சல் வயிற்றில் இல்லை, வரலாற்றில்! டார்வினின் கதையைக் கேளுங்கள்.

1880 நவம்பரில் மெக்டெர்மட் என்ற இளம் வழக்கறிஞர் டார்வினுக்கு எழுதினார்: விவிலியத்தை நம்புகிறீரா இல்லையா, ஒரு சொல்லில் விடை வேண்டும் என்று. டார்வின் அடக்கமானவர், வீண்சண்டையை விரும்பாதவர், மனைவியின் சமய உணர்வைப் புண்படுத்த அஞ்சியவர். ஆனாலும் அன்று நேராகவே விடை எழுதினார்: விவிலியம் தெய்வ வெளிப்பாடு என்பதில் எமக்கு நம்பிக்கை இல்லை, ஆகவே ஏசுவைக் கடவுளின் மகன் என்பதிலும் நம்பிக்கை இல்லை என்று. அந்தக் கடிதம் தனியார் கையில் உறங்கிற்று. நூறாண்டுக்கும் மேலாக அறிவுலகம் அதை அறியாமல் இருந்தது.

அந்த உறக்கத்தின் நடுவே நடந்தது என்ன? 1915இல் அமெரிக்கச் சமய ஏடொன்றில், ஹோப் சீமாட்டி என்பார் பெயரில் ஒரு கதை வெளிவந்தது. டார்வின் படுக்கையில் விவிலியம் ஓதினாராம்! தம் இளமைக்காலக் கொள்கைக்காக வருந்தினாராம்! டார்வினின் மகள் என்ரியட்டா 1922இல் பொய் என்று மறுத்தெழுதினார். மகளின் மறுப்பு யார் காதில் விழுந்தது? பிரசங்க மேடைகளில் பொய் ஊர்வலம் வந்தது, இன்றும் வருகிறது. பொய்யைப் பொசுக்கும் நெருப்பு, டார்வின் கைப்பட எழுதிய தாளாக, எங்கோ ஒரு வீட்டில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. 2015 செப்டம்பரில் நியூயார்க்கில் பான்ஹாம்ஸ் நிறுவனம் அதை ஏலம் விட்டது. விலை 1,97,000 டாலர்.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். கேம்பிரிட்சைத் தலைமையிடமாகக் கொண்டு 1974இல் தொடங்கிய ஒரு திட்டம், டார்வின் எழுதியதும் அவருக்கு எழுதப்பட்டதுமாக 15,000 கடிதங்களைத் தேடித் திரட்டி, 30 தொகுதிகளாக 2022இல் முடித்தது. இன்று அரியலூரில் இருக்கும் ஒரு மாணவி கைப்பேசியில் அவற்றைக் காசின்றிப் படிக்கலாம். ஏலக்காரனுக்கு ஒரு கடிதம் என்பது ஒரு விலை. நூலகத்துக்கு அது ஆயிரம் வாசகர்.

நம்பிக்கை உள்ள இடத்தில் புரட்டும் வந்து பாய் விரிக்கும். மிஷேல் ஷால், பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற கணித அறிஞர், வடிவியலில் வல்லவர், அறிவியற் கழக உறுப்பினர். விரேன் லூக்கா என்பவன் அவரிடம் பழங்கடிதங்கள் விற்றான். பாஸ்கல் எழுதியது, கலிலியோ எழுதியது என்று தொடங்கி, கிளியோபாத்திரா சூலியசு சீசருக்கு எழுதியது, மகதலேனா மரியாள் இலாசருக்கு எழுதியது வரை வந்துவிட்டான்! ஈர்ப்பு விதியை நியூட்டனுக்கு முன் பாஸ்கல் கண்டார் என்று காட்டி, 1867இல் அக்கடிதங்களை அறிவியற் கழகத்தின் முன்னேயே வைத்தார் ஷால். கிளியோபாத்திரா பிரெஞ்சு மொழியில் எழுதினாளா என்று ஒரு பள்ளிப் பிள்ளை கேட்கும் கேள்வியை அந்தப் பேரறிஞர் தம்மிடம் கேட்டுக்கொள்ளவில்லை. ஏறத்தாழ 27,000 போலித் தாள்கள். 1,40,000 பிராங்குக்கும் குறையாத பணம். 1870இல் விரேன் லூக்காவுக்கு இரண்டாண்டுச் சிறை. கோணத்தை அளக்கத் தெரிந்தவருக்குக் கையொப்ப மோகத்தை அளக்கத் தெரியவில்லை.

பழங்கதை என்று தள்ளவும் வழியில்லை. வியாழனின் நிலவுகளைக் கண்ட குறிப்போடு கலிலியோ எழுதிய தாள் என்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1938 முதல் போற்றி வந்தது ஒன்று. அதுவும் 1934இல் ஏலத்தில் எடுத்த சரக்கே. கார்டினல் ஒருவர் தம் வசமிருந்த கலிலியோ கையெழுத்தோடு ஒப்பிட்டு மெய்யென்று சான்று தந்திருந்தார். வரலாற்றாசிரியர் நிக் வைல்டிங் ஐயம் கொண்டு, தாளின் நீர்க்குறியை ஆராயச் சொன்னார். அந்தக் குறியுள்ள தாள் 1770க்கு முன் செய்யப்பட்டதே இல்லை. கலிலியோ மாண்டதோ 1642! மிலான் நகரத்து நிக்கோத்ரா என்னும் போலி எழுத்தனின் கைவண்ணம் என 2022இல் பல்கலைக்கழகமே அறிவித்தது. கார்டினல் ஒப்பிட்டுப் பார்த்த தாள்களும் அவன் செய்தவையே! பொது நூலகத்தில் இருந்ததால் ஒரு வரலாற்றாசிரியர் கேள்வி கேட்க முடிந்தது. செல்வரின் பெட்டகத்தில் இருக்கும் போலியை எவர் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது?

ஏழையையும் இந்த மோகம் விடவில்லை. பாரிசில் அரிஸ்டோபில் என்றொரு நிறுவனம், பெரியோர் கடிதங்களையும் ஏடுகளையும் வாங்கிப் பங்கு பங்காக மக்களுக்கு விற்றது. ஆண்டுக்கு நூற்றுக்கு எட்டு என்ற ஆசை காட்டியது. 18,000 பேர் ஏறத்தாழ 85 கோடி யூரோ கொட்டினர். ஓய்வுபெற்றோர் பலர் அவர்களில் உண்டு. விலை ஏறும் என்று நம்பியதாலேயே விலை ஏறியது. 2014இல் காவல்துறை நுழைந்தது, அடுத்த ஆண்டு நிறுவனம் சரிந்தது. மீதமிருந்த 1,30,000 பொருள்களை 2017 முதல் ஏலம் விடத் தொடங்கினார்கள். போட்ட பணத்தில் ஒரு சிறு பகுதியே பலருக்குத் திரும்பிற்று. அந்தக் குவியலில் இருந்த சாத் பிரபுவின் சுருளேட்டைப் பிரான்சு அரசு நாட்டுச் செல்வம் என்று அறிவித்து விற்பனையை நிறுத்தி, 2021இல் 45,50,000 யூரோவுக்குப் பொது நூலகத்திற்காகப் பெற்றது. அந்நூலின் உள்ளடக்கம் நமக்கு உவப்பானதன்று. அரசு செய்தது முற்றிலும் சரி.

ஏலத்தை ஆதரிப்போர் ஒரு வாதம் வைப்பார்கள். அதில் உண்மையும் கொஞ்சம் உண்டு. விலை இருப்பதால்தான் தாள் பிழைக்கிறது, விலை இல்லையேல் அடுப்புக்குப் போகும் என்பர். ஆம், போகும். நம்மவர் இராமானுசனின் ஏடே அடுப்பின் வாய்வரை போய்த் திரும்பியது. 1920இல் அவர் மறைந்தபின் கடைசிக் காலக் குறிப்புகள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்து 1923இல் ஹார்டிக்குப் போயின. அவரிடமிருந்து வாட்சன் என்ற கணித அறிஞரிடம் சேர்ந்தன. வாட்சன் 1965இல் இறந்தார். அறை முழுதும் குவிந்த காகிதம், சில நாளில் கொளுத்தப்பட இருந்தது. இரங்கலுரை எழுதவந்த அறிஞர் ஒருவர் கையை விட்டுத் துழாவியதில் இராமானுசனின் தாள்கள் அகப்பட்டன.

அகப்பட்டவை ஏலக்கூடத்துக்குப் போகவில்லை. 1968இல் டிரினிட்டிக் கல்லூரி நூலகத்துக்குப் போயின. அதனால்தான் 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அங்கே அவற்றைக் கண்டெடுக்க முடிந்தது. நூற்றுக்கு மேற்பட்ட பக்கம், அறுநூறு அளவிலான சூத்திரங்கள். 1987இல் அப்படியே நகலெடுத்து அச்சிட்டார்கள். உலகத்துக் கணிதர்கள் பல்லாண்டு உழைத்து ஒவ்வொன்றாக மெய்ப்பித்தார்கள். சூத்திரங்களை நாமகிரித் தாயார் கனவில் தந்தாள் என்று இராமானுசன் நம்பியதாகச் சொல்வர். தாயாரிடம் நமக்கு வேலையில்லை. தாள் பொதுவில் இருந்தது, அது போதும்.

நம் இயக்கத்துக்கு இதில் என்ன வேலை? இருக்கிறது, தோழர்களே. தந்தை பெரியாரிடம் கையொப்பம் கேட்டுச் சென்றவர் காசு கொடுத்தே பெற்றுத் திரும்பினர். கேலி பேசினார்கள், கஞ்சத்தனம் என்றார்கள். கையொப்பத்துக்குப் புனிதம் இல்லை, வேண்டுமென்றால் விலை உண்டு, அந்த விலை பொதுநிதிக்கு என்று அதைவிடத் தெளிவாக எவரும் காட்டியதில்லை. அவரும் அண்ணாவும் பிற தலைவர்களும் தொண்டர்களுக்கு எழுதிய கடிதங்கள் ஊர்தோறும் பழைய தகரப் பெட்டிகளில் கிடக்கின்றன. பெரியவர் கண் மூடினால், பெட்டி பழைய காகிதக்காரனிடம் போகும்; இல்லையேல் கையொப்பம் திரட்டும் வணிகனிடம் போகும். முன்னவன் கிலோ கணக்கில் அழிப்பான். பின்னவன் ஒவ்வொன்றாக ஒளிப்பான்.

சட்டம் காக்கும் என்று இருந்துவிட முடியாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம், 75 ஆண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள ஆவணத்தைத் தனியார் எவரும் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது என்கிறது. 1938 இந்தி எதிர்ப்புப் போரில் சிறைப்பட்டவரின் கடிதம் அந்த வேலிக்குள் வந்துவிட்டது. 1965 மாணவர் போராட்டக் கடிதம் இன்னும் வரவில்லை. வந்தாலும், உள்நாட்டுப் பெட்டகத்தில் பூட்டுவதை அந்தச் சட்டம் தடுக்காது.

கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த அச்சுச் செல்வம், சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கிய பின்னும் கப்பலேறாமல், 1994 முதல் சென்னையிலேயே நூலகமாக நிற்கிறது. பெரியார் திடலில் பகுத்தறிவாளர் நூலகம் இருக்கிறது. ஒவ்வோர் ஊர்க் கிளையிலும் இரண்டு இளைஞர் போதும். பெரியவர்கள் வீட்டுக்குச் சென்று, பெட்டியைத் திறக்கச் சொல்லி, கடிதம் ஒவ்வொன்றுக்கும் படமெடுத்து, யார் யாருக்கு எந்த நாளில் எழுதியது என்பதை அவர் வாயாலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வாசகத்தை நம் ஏடுகளுக்கு அனுப்புங்கள். மூலத்தை நூலகத்தில் சேர்த்து, குடும்பத்தாரிடம் அதற்கான சீட்டைக் கொடுங்கள். விற்றே தீர வேண்டிய வறுமை ஒரு குடும்பத்துக்கு இருக்குமானால், நூலகத்துக்கு விற்கட்டும். அதற்குரிய தொகையை உண்டியல் ஏந்தித் திரட்டிக் கொடுப்பது நம் வேலை.