கருமை ஒரு குறையா?



பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகள் அழகுக்காகச் சத்திரசிகிச்சை செய்துகொள்ள அனுமதிக்கலாமா? இக்கேள்வி இன்று பல நாடுகளில் எழுந்துள்ளது. இங்கிலாந்தில் 2021 ஒக்டோபர் முதல், அழகுக்காக அவ்வயதினரின் முகத்தில் ஊசிமருந்து ஏற்றுவதே சட்டப்படி குற்றமாகும். ‘இது செல்வந்தர் வீட்டுக் கவலை, பசறையிலும் லுணுகலையிலும் லயன் வீடுகளில் வாழும் எமக்கு இதில் என்ன?’ என்று நீங்கள் கேட்கலாம்.

சத்திரசிகிச்சை நம் வாசலுக்கு வராதிருக்கலாம். ஆனால் அதே ஆசை, முகத்தை வெளுப்பாக்கும் கிறீமாகச் சிறு டப்பாவில் அடைபட்டு, மலையேறி வந்துவிட்டது.

இவ்வகைப் பூச்சுகள் சிலவற்றில் பாதரசம் கலக்கப்படுகிறது. தோலுக்குக் கருமை தரும் மெலனின் உருவாவதை அது தடுக்கிறது. உடலுக்குள் ஊடுருவிச் சிறுநீரகத்தையும் பழுதாக்குகிறது. பூசியவரைத் தொட்டு வாழும் குழந்தைகளையும் அது பாதிக்கலாம். பாதரசம் பற்றிய மினமாட்டா சமவாயத்தில் இணைந்த நாடுகள், பாதரசம் சேர்த்த அழகுப்பொருட்கள் அனைத்தையும் 2025க்குள் ஒழிக்க வேண்டுமென 2023 இல் முடிவு செய்தன. அதே ஆண்டில் இலங்கை, கபொன், ஜமேக்கா ஆகிய 3 நாடுகளும் இதற்கெனக் கூட்டுத் திட்டமொன்றைத் தொடங்கின.

மருத்துவத்தின் உதவியால் உருவைச் சீராக்குவது எல்லாமே தவறு என்பதல்ல. பிளவுபட்ட உதட்டோடு பிறந்த குழந்தைக்கும், தீக்காயத்தால் முகம் சிதைந்த சிறுமிக்கும் செய்யப்படும் சத்திரசிகிச்சை குணமாக்கும் பணி. அதற்காக இறைவனுக்கு நன்றி கூறுவோம். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், உடல்நலத்தை இறைவனின் கொடையாகப் போற்றுகிறது. உடலையே வழிபடும் போக்கை மறுக்கிறது (2288, 2289). காயத்தை ஆற்றுவது வேறு. காயமே இல்லாத இடத்தில் குறை காண்பது வேறு.

அப்படியாயின், கருமை ஒரு குறையென்று நம் மகளுக்குக் கற்பித்தவர் யார்? விளம்பரம் மட்டுமா? பிள்ளை பிறந்த அன்றே நிறத்தை விசாரித்தவர்கள் நாம். ‘வெயிலில் நிற்காதே, கறுத்துப்போனால் யார் கட்டுவார்?’ என்று அதட்டியவர்கள் நாம். கிறிஸ்து பிறப்பு விழா நாடகத்தில் அன்னை மரியாவாக நடிக்க வெள்ளை நிறப் பிள்ளையைத் தேடியவர்களும் நாமே. குருக்களாகிய எமக்கும் இதில் பங்குண்டு.

இனிமைமிகு பாடலைத் திறந்து பாருங்கள் (1:5-6). அங்கே பேசும் பெண் தன்னைக் கறுப்பானவள் என்றும் அழகானவள் என்றும் ஒரே மூச்சில் கூறுகிறாள். திராட்சைத் தோட்டத்துக் காவலில் நின்றதால் வெயில் அவளைச் சுட்டதாம். கொழுந்துக் கூடை சுமந்து ஊவா மலைச்சரிவுகளில் நின்ற நம் பாட்டிமாரையும் தாய்மாரையும் சுட்டது அதே வெயில்தான். அவர்களது உழைப்பால் வளர்ந்த நாம், அந்த உழைப்பின் நிறத்தைக் கண்டு நாணுவது தகுமா?

பெற்றோரே, பதின்ம வயதுப் பிள்ளை அழகுக்காகச் சத்திரசிகிச்சையோ நச்சுப் பூச்சோ கேட்டால் உறுதியாக மறுத்துவிடுங்கள். ஆனால் மறுப்பதோடு நின்றுவிடாதீர்கள். அந்த ஆசையை விதைத்த பேச்சையும் வீட்டிலிருந்து அகற்றுங்கள். வரும் கிறிஸ்து பிறப்பு விழாவில், நம் பங்கின் மிகக் கறுத்த சிறுமி அன்னை மரியாவாக மேடையேறட்டும்.

முகத்தையன்று, அகத்தைப் பார்க்கும் ஆண்டவர் (1 சாமுவேல் 16:7), தம் பார்வையை நமக்கும் தருவாராக. ஆமென்.