லைசன்ஸுக்குப் பயந்து கிளினிக்கை நிறுத்தாதீர்கள்



போன வாரம் ஒரு வாப்பாவோடு பள்ளிக்கூட வாசலில் அரை மணித்தியாலம் வாக்குவாதம். யாரென்று கேட்காதீர்கள். மகனுக்கு ஏழு வயது. பேச்சுக் குறைவு, முகம் பார்க்க மாட்டான், மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்வான். ஆனால் மூதூர் ரோட்டில் போகிற பஸ்களின் நம்பர் எல்லாம் அவனுக்குப் பாடம். கிளினிக்குக் கொண்டு போங்கள் என்று நான் கேட்பது இது மூன்றாம் தடவை. இம்முறை கிடைத்த பதில்: "லண்டன்ல இருக்கிற மச்சான் சொன்னார் சேர், ஆட்டிசம் என்டு எழுதிட்டா நாளைக்கு லைசன்ஸ் இல்லயாம், கார் இன்சூரன்ஸும் ரெண்டு மடங்காம்."

வீட்டில் இருப்பது ஒரு சைக்கிள்.

மச்சான் சொன்னது பிழை. பிரித்தானியாவில் ஆட்டிசம் ஒருவர் பாதுகாப்பாக வாகனம் ஓட்டுவதைப் பாதித்தால்தான் லைசன்ஸ் கொடுக்கும் டிவிஎல்ஏவுக்கு அறிவிக்க வேண்டும். அப்படி இருந்தும் மறைத்தால் 1000 பவுண் வரை தண்டம். 2019 மார்ச்சில், பாதிக்காவிட்டாலும் அறிவிக்க வேண்டும் என்று அவர்களின் இணையத்தளத்தில் வந்தது உண்மை. எதிர்ப்புக் கிளம்பியதும் மாற்றிவிட்டார்கள். மச்சானின் காதில் முதல் பாதிதான் விழுந்திருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பனியும் நினைத்தபடி கட்டணத்தைக் கூட்ட ஏலாது. 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி அதற்கு நம்பகமான தரவு கையில் இருக்க வேண்டும்.

நம் நாட்டில்? வாகனத்தின் வகை, பெறுமதி, எதற்குப் பாவிக்கிறோம், முன்பு கிளெய்ம் எடுத்தோமா, இவற்றை வைத்துத்தான் கணக்கு. போன தடவை நான் இன்சூரன்ஸ் புதுப்பிக்கப் போனபோது பைக் புத்தகத்தைத்தான் பார்த்தார்கள், என் மூளையை அல்ல.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். பின்னேரத்தில் பதினான்கு வயதுப் பொடியன்கள் லைசன்ஸும் இல்லாமல் ஹெல்மட்டும் இல்லாமல், பின்னால் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு பறக்கிறார்கள். அப்போது எந்த வாப்பாவுக்கும் இன்சூரன்ஸ் ஞாபகம் வருவதில்லை. இந்தப் பிள்ளை பதினொரு வருடம் கழித்து ஓட்டப்போகும், இன்னும் வாங்காத காருக்கு இன்றே கவலை! உண்மையான காரணம் நமக்கெல்லாம் தெரியும். ஊர் என்ன சொல்லும், தங்கச்சிக்கு மாப்பிள்ளை வருமா? அதைச் சொல்ல வெட்கம், ஆகவே காரை இழுக்கிறோம்.

கோபப்பட வேண்டிய இடம் வேறு. நமது 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் வேலையிலும் பாடசாலை அனுமதியிலும் பாகுபாடு கூடாது என்கிறது, காப்புறுதி பற்றிப் பேசவில்லை. 2016 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐநா சமவாயமோ சுகாதார, ஆயுள் காப்புறுதியிலும் பாகுபாடு கூடாது என்கிறது. இந்தியாவில் 'நிராமயா' திட்டத்தில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஒரு லட்சம் ரூபா வரை மருத்துவக் காப்புறுதி. அங்கே அந்த வைத்தியச் சான்றிதழ்தான் கதவைத் திறக்கிறது. வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இதை ஒரு தடவையாவது கேட்டோமா?

அந்த வாப்பா இதை வாசிப்பார். ரிப்போட்டை எனக்குக் காட்டத் தேவையில்லை. திருகோணமலைக்குத் தனியாகப் போகத் தயக்கம் என்றால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், லீவு போட்டு நானும் வருகிறேன்.